செவ்வாய்க்கிழமை கசியாத குழாய்கள்

அந்தத் தேநீர்க் கடையில் ஒன்பது வருஷத்தில் கசிந்தது ஒரே ஒரு பொருள்தான். கெட்டிலின் மூக்கு. அதையும் கடைக்காரம்மா போன வருஷம் பற்றவைத்து அடைத்துவிட்டாள். ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் ஊரிலேயே உயிருக்கு ஆபத்தான இடம் அதுதான். பன்னிரண்டடிக்குப் பத்தடி இடத்துக்குள் முப்பத்தேழு எரிவாயுக் கசிவுகள். சிவப்புப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து, அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

அந்த வரைபடத்துக்குத் தகவலைச் சுத்தம் செய்து கொடுத்தவளை அலுவலகத்தில் சல்லடை என்று கூப்பிடுவார்கள். நாற்பத்தொரு வயது. எதையும் இரண்டு தடவை சலிக்காமல் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். எரிவாயுக் குழாய் எங்கே, எப்போது, எதனால் கசிந்தது என்று அரசாங்கம் வருஷா வருஷம் ஒரு பட்டியல் வெளியிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த கையோடு வரைபடத்தில் ஏற்றினால் கூத்தாகிவிடும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிக் கிடக்கும். ஒரு வீட்டுச் சமையலறை நடுக்கடலில் போய் நிற்கும். இன்னும் பிறக்காத தேதியில் ஒரு கசிவு நடந்திருக்கும். ஒரே கசிவை இரண்டு பேர் எழுதியிருப்பார்கள். ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிசைகள். அவற்றைச் சலித்து, கல்லையும் தூசியையும் எடுத்துப்போட்டு, வரைபடம் விழுங்குகிற பதத்தில் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு.

தீயணைப்புக்காரர்களுக்கும் நகராட்சிக்கும் முன்னோட்டமாக ஒரு பிரதி போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. திங்கட்கிழமை காலை, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்குள் ஒரு அம்மாள் மூச்சு வாங்க ஏறி வந்தாள். ஒரு கையில் கடிதம். இன்னொரு கையில் கெட்டில். கோபத்தில் கடையை விட்டுக் கிளம்பியபோது அதைக் கீழே வைக்க மறந்திருக்கிறாள்.

"இங்க மேப்பு போடறது யாரு?"

பக்கத்து மேசைக்காரன் நாற்காலியோடு பின்னால் உருண்டான். வரைபடத்துக்கு நிறம் பூசுவது அவன் வேலை. அவனை வண்ணம் என்பார்கள். "நான் கலர் மட்டும்தாங்க" என்று சொல்லிவிட்டு விரலைச் சல்லடையின் பக்கம் நீட்டினான்.

கடைக்காரம்மா கடிதத்தை மேசையில் வைத்தாள். கெட்டிலை அதன்மேல் வைத்தாள்.

"என் கடையில முப்பத்தேழு தடவை கேஸ் லீக் ஆயிருக்காம். நான் உயிரோட இருக்கேனா, செத்துட்டேனா? நீயே பார்த்துச் சொல்லும்மா."

சல்லடை கெட்டிலைத் தூக்கிக் கடிதத்தைப் படித்தாள். நகராட்சி உரிமப் பிரிவிலிருந்து வந்திருந்தது. அடுப்பு எரிக்கும் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆதாரத்தோடு வரவும்.

"அடுப்பு இல்லேன்னா வெந்நீருக்கு நான் சூரியனைத்தான் நம்பணும்" என்றாள் கடைக்காரம்மா. "அந்தக் கடையை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கற வயசும் போயிடுச்சு."

சல்லடை முப்பத்தேழு வரிசைகளையும் திரையில் கொண்டுவந்தாள். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் தசமத்துக்குப் பிறகு ஆறு இலக்கம். கடலில் இல்லை, வயலில் இல்லை, தெருவில் இருந்தன. தேதி சரி. நேரம் சரி. ஒரே இடமாக இருந்தால் இரட்டைப் பதிவு என்று அவளுடைய நிரலே பிடித்திருக்கும். இவையோ இரண்டு மூன்று அடி தள்ளித் தள்ளி விழுந்திருந்தன.

"இந்தப் பட்டியல்லயே இவ்வளவு சுத்தமான வரிசை வேற இல்லக்கா" என்றாள், தன்னை மறந்து.

"அப்ப என் கடைதான் அழுக்கா?"

உள் அறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு தேதியைச் சொல்லுவதால் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கெடு என்று பெயர்.

"எல்லாம் போட்டு இருபத்தெட்டாம் தேதி மேப்பு வெளிய போகுது" என்றார், யாரும் கேட்காமலே.

"சார், முப்பத்தேழு புள்ளி தப்பு."

"தப்புன்னு யாரு சொன்னா?"

"இந்தக்கா உயிரோட நிக்கறாங்களே சார்."

கெடு கெட்டிலைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார். "ஒரு புள்ளியை நகர்த்தணும்னா அதைப் பதிஞ்ச ஆள்தான் திருத்தப் படிவத்துல கையெழுத்துப் போடணும். சரியான இடம், தப்பு நடந்த காரணம், ரெண்டும் எழுதணும். அது பட்டியலோட சேர்ந்து வெளிய போகும், எல்லாரும் படிக்கலாம். அதுதான் விதி. வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி."

அவர் கதவு சாத்தியதும் வண்ணம் குனிந்து கிசுகிசுத்தான். "முப்பத்தேழையும் 'இடம் தெரியாது'ன்னு போட்டுத் தூக்கிக் கடாசு. ஒரே நிமிஷம். நானும் சிவப்பு மிச்சம் பிடிப்பேன்."

"எங்கயோ நிஜமாக் கசிஞ்சிருக்குடா. கசிஞ்ச இடம் மேப்புல இல்லேன்னா, நாளைக்கு அங்க ஒருத்தன் தைரியமாக் கடப்பாரையைப் போடுவான்."

"அது சரி" என்று வண்ணம் மறுபடி உருண்டு போனான்.

அன்று நான்கு மணிக்குச் சல்லடை கடைக்குப் போனாள். எரிவாயுக் கம்பெனியின் கிடங்குக்கு எதிர்வரிசையில் இருந்தது. மூன்று மேசை, ஒரு கண்ணாடி அலமாரி, அதில் பன், பிஸ்கட். மூலை மேசைக்கு மேல் ஒரு பிளக் பாயிண்ட். தரையைத் தட்டிப் பார்த்தாள். எரிவாயுக் குழாய் அந்தப் பக்கமே போகவில்லை. கடைக்காரம்மா எரிவாயு சிலிண்டரில்தான் சமைக்கிறாள்.

மடிக்கணினியைத் திறந்து முப்பத்தேழையும் மறுபடி சலித்தாள். எல்லாம் எரிவாயுக் கம்பெனியில் கசிவை அடைக்கப் போகும் நாலாம் குழு எழுதியவை. ஆறு வருஷம். கசிவு நடந்த நேரம் காலை எட்டு, மதியம் பன்னிரண்டு என்று விதவிதமாக இருந்தது. படிவம் பதிவான நேரம் மட்டும் எப்போதும் நாலேகாலிலிருந்து ஐந்துக்குள். கிழமைவாரியாக அடுக்கினாள். திங்கள் ஏழு, புதன் எட்டு, வியாழன் ஆறு, வெள்ளி ஒன்பது, சனி ஏழு. ஞாயிறு கம்பெனிக்கே விடுமுறை. செவ்வாய் பூஜ்யம்.

செவ்வாய்க்கிழமையானால் குழாய்கள் ஒழுங்காக நடந்துகொள்ளும் ஊரை அவள் கேள்விப்பட்டதில்லை. தலையைத் தூக்கினாள். நேர் எதிரே, அலமாரிக்கு மேல், அட்டையில் எழுதித் தொங்கியது: செவ்வாய் விடுமுறை.

"அக்கா, அந்த மூலை மேசையில யாரு உட்காருவாங்க?"

"அதுவா? அது நாலாம் நம்பர் வண்டிக்காரரோட ஆபீஸு" என்று கடைக்காரம்மா சிரித்தாள். "வேலை முடிஞ்சதும் வருவாரு. கையில ஒரு கருவி இருக்கும்ல, அதுக்குச் சார்ஜ் ஏத்திட்டே படிவத்தை எழுதுவாரு. ஒருநாள் கூட்டம், இடமில்ல. வாசல்ல நின்னே எழுதினாரு, பாவம்."

ஒரு புள்ளி மட்டும் வாசற்படிக்கு வெளியே விழுந்திருந்தது. சல்லடை அதை விரலால் தொட்டாள். கருவி பாவம், நியாயமானது. படிவத்தைச் சேமிக்கும்போது தான் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை எழுதிக்கொள்ளும். கசிவு எங்கே என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

"அவர் பேர் என்னக்கா?"

"பேர் யாரு கேட்டா? மூணு கரண்டின்னு சொல்லுவோம். டீயில மூணு கரண்டி சர்க்கரை போடணும், குறைஞ்சா முகம் சுண்டிடும். மூணு மாசம் முன்னால ரிட்டயர் ஆயிட்டாரு. நரைச்ச மீசை, இடது காது மடல்ல ஒரு வெட்டு."

சல்லடை மடிக்கணினியை மூடினாள். அந்தக் காது மடலை அவள் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறாள். அவளுடைய அம்மாவின் தம்பி. அவள் குடியிருப்பது மாடியில். மாமாவும் அத்தையும் கீழே. சமையல் கை வராததால் சாப்பாடு அவர்களோடுதான். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி வந்து ஏழு வருஷம் ஆகிறது. "சர்க்கரையைக் கண்ணால பார்த்தே ஏழு வருஷம் ஆச்சு" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அத்தை மருந்துக்கடை வைத்திருக்கிறாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் மாமா வழக்கமான புலம்பலைத் தொடங்கினார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதுதான் தொட்டுக்கொள்ள.

"அச்சகச் சந்து பைப்பு அடியோட அழுகிப் போச்சு, மாத்துங்கடான்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். என்ன பதில் போட்டான் தெரியுமா? 'அந்தச் சந்தில் ஒரே ஒரு கசிவுதான் பதிவாகியிருக்கிறது'ன்னு போட்டான். ஒண்ணே ஒண்ணாம்! ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கறவன் எல்லாம் குருடன்."

"நூறாவது தடவை கேக்கறேன்" என்றாள் அத்தை.

"மாமா, நீங்க நாலாம் குழுவா?" என்று சல்லடை கேட்டாள்.

"பின்ன? இருபத்தெட்டு வருஷம்."

"கிடங்குக்கு எதிர்ல ஒரு டீக்கடை..."

மேசைக்கு அடியில் அவள் முழங்காலில் ஒரு உதை விழுந்தது. மாமாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மீசை மட்டும் ஒரு தடவை துடித்தது.

"எந்த டீக்கடை?" என்றாள் அத்தை.

"தெரியல அத்தை. சும்மா கேட்டேன்."

சாப்பிட்டுக் கைகழுவியதும் மாமா அவளை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். அவள் விஷயத்தைச் சொன்னாள். கடை, கடிதம், வெள்ளிக்கிழமை, படிவம். சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு படியாக இறங்கி உட்கார்ந்தார்.

"கையெழுத்து மட்டும் கேக்காதம்மா."

"தப்புப் பண்ணினது நீங்க."

"தப்புன்னா? கால் கடுக்க ரோட்டுல நின்னு எழுதச் சொல்றியா? கசிவை நிறுத்தினேனா இல்லையா? அதைப் பேசு."

"அந்தக்கா கடை போயிடும் மாமா. ஆறு வருஷமா உங்களுக்கு டீ போட்ட கை."

அவர் தலையைச் சொறிந்தார். "நல்ல பொம்பளை. நான் இல்லேங்கல. ஆனா காரணம்னு ஒரு கட்டம் இருக்குன்னியே, எல்லாரும் படிக்கலாம்னு. எல்லாரும்னா உங்க அத்தையும்தான். நான் இந்த வீட்ல இன்னும் கொஞ்ச வருஷம் சாப்பிடணும்."

"அப்ப இடத்தையாவது காட்டுங்க. கையெழுத்தை அப்புறம் பார்க்கலாம்."

"முப்பத்தேழு இடம் எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? நான் என்ன கம்ப்யூட்டரா? குறிப்புல எழுதியிருப்பேனே, அதைப் பாரு."

"எந்தக் குறிப்பு?"

"படிவத்துல கடைசிக் கட்டம். மறுநாள் வர்றவன் இடத்தைக் கண்டுபிடிக்கணும்ல? எழுதாம விட்டதே கிடையாது."

இப்போது படியில் உட்காருவது சல்லடையின் முறையாயிற்று. அந்தக் கடைசி நெடுவரிசையை அவளே வெட்டி எறிந்திருந்தாள். முதல் நாளே. நாய், கேட், மாடிப்படி என்று வாய்க்கு வந்ததெல்லாம் அதில் இருந்தது. எண்ணும் இல்லை, வகையும் இல்லை, வரைபடத்துக்கு விழுங்கத் தெரியாது. குப்பை என்று முடிவுகட்டி ஒரே அழுத்தில் நீக்கிவிட்டு, அன்று மாலை தன்னைத்தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

"என்னம்மா, முகம் வெளிறிப் போச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. ஆபீஸ்ல இன்னொரு குருடு இருக்குன்னு தெரிஞ்சுது."

மறுநாள் அரசாங்கத்தின் மூலப் பட்டியலை மறுபடி இறக்கினாள். குறிப்புகள் அப்படியே இருந்தன. 'பச்சை கேட். நாய் கடிக்கும்.' 'பல் டாக்டர் வாசல், இடதுபக்க மரம்.' 'கிழவர் கத்துவார், பொருட்படுத்த வேண்டாம்.' 'தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாலு தப்படி.' முப்பத்தேழையும் தாளில் எடுத்துக்கொண்டு மாமாவோடு தெருவில் இறங்கினாள். அத்தையிடம், மாமாவுக்கு நடைப்பயிற்சி என்று சொன்னார்கள். அத்தைக்கு ஒரே சந்தோஷம். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்பினாள்.

பச்சை கேட் நீலமாகியிருந்தது. நாய் மாறவில்லை. மாமாவைக் கண்டதும் ஆறு வருஷ வட்டியையும் சேர்த்துக் குரைத்தது.

"இதேதான்" என்றார் மாமா, மூன்றடி பின்வாங்கி. "இவன்தான். என் பேண்ட்டு இன்னும் இவன் வயித்துல இருக்கு."

"எந்த இடம், சரியாச் சொல்லுங்க."

"கேட்டுக்கும் மீட்டர் பெட்டிக்கும் நடுவுல."

"போய் நின்னு நீங்களே அமுக்குங்க" என்று கைப்பேசியை நீட்டினாள்.

"நாய் இருக்கும்மா."

"ஆறு வருஷம் முன்னால இங்கயே நின்னு அமுக்கியிருந்தா இப்ப இந்தப் பாடு இல்லல்ல?"

மாமா தொப்பியைக் கழற்றிக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு போய் அமுக்கிவிட்டு ஓடி வந்தார். ஒரு புள்ளி கடையை விட்டுக் கிளம்பி வீடு போய்ச் சேர்ந்தது.

பல் டாக்டர் இருந்த இடத்தில் முடிதிருத்துபவர் இருந்தார். மரம் இருந்தது. கத்தும் கிழவர் கத்தவில்லை. மாமாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தன் முழங்கால் வலியை முக்கால் மணி நேரம் விவரித்தார். அதற்குக் கத்தலே தேவலை என்று மாமா வெளியே வந்து சொன்னார். செவ்வாய் சாயங்காலத்துக்குள் பதினாறு புள்ளிகள் நகர்ந்தன. புதன் மதியத்துக்குள் இருபத்துமூன்று. மாமாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் என்ன இணைப்பு உடைந்தது, யார் எந்தத் திருகைத் தப்பாகத் திருகினான் என்று கதைகள் வேறு.

மீதிப் பதினான்கு குறிப்புகளைச் சல்லடை வரிசையாகப் படித்தாள். 'அச்சு இயந்திரச் சத்தம் கேட்கும் சுவர்.' 'காகிதக் கட்டு இறக்கும் படி.' 'மஞ்சள் சுவர், மேற்கு வாசல்.' 'அச்சகத்துக்குப் பின்கதவு.' 'மறுபடியும் மஞ்சள் சுவர்.'

இருவரும் அந்தச் சந்துக்குள் நுழைந்தார்கள். எண்பது தப்படி நீளம். ஒரு பக்கம் அச்சகத்தின் சுவர், மறுபக்கம் ஒன்பது வீடுகள். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். மாமா நடந்தார், நின்றார், அமுக்கினார். நடந்தார், நின்றார், அமுக்கினார். ஐந்தாவதுக்குப் பிறகு கதை சொல்வதை நிறுத்திவிட்டார். பதினான்காவதை அமுக்கிவிட்டுக் கைப்பேசித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்து முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், ஒரே கோட்டில்.

"ஒண்ணே ஒண்ணுன்னு எழுதினானே" என்றார்.

சல்லடை கைப்பேசியை வாங்கி, அந்தச் சந்தில் முன்பே இருந்த பழைய புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். "அந்த ஒண்ணு செவ்வாய்க்கிழமை மாமா. கடை லீவு. அன்னிக்கு இங்கயே நின்னு எழுதியிருக்கீங்க."

அவருக்கு விளங்க அரை நிமிஷம் ஆயிற்று. பிறகு காகிதக் கட்டு இறக்கும் படியில் உட்கார்ந்தார்.

"ஆபீஸ்காரன் கம்பெனி மேப்பைப் பார்த்திருக்கான். மேப்புல இந்தச் சந்து சுத்தமா இருந்திருக்கு. எல்லாத்தையும் நான்தான் டீக்கடைக்குத் தூக்கிட்டுப் போயிருக்கேன்."

"ஆமா."

"மூணு வருஷமா அவனைத் திட்டிட்டிருக்கேன். அவங்க அம்மாவையும் சேர்த்து."

"அதுவும் ஆமா."

சல்லடைக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார். சுவருக்கு அந்தப்பக்கம் அச்சு இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தலை துவட்டி முடிந்த குழந்தை அவர் தொப்பியைக் கேட்டது. கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு குழந்தை புள்ளி விழுந்த கோட்டின்மேலேயே ஓடியது.

"எடும்மா அந்தப் படிவத்தை" என்றார் மாமா.

படியிலேயே வைத்து எழுதினார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. யோசித்து, 'பாதுகாப்பான, நிழலான ஓரிடத்தில் அமர்ந்து' என்று தொடங்கினார்.

"என்ன இடம்னு எழுதுங்க."

"நிழலான இடம்தானே?"

"மாமா."

அடித்துவிட்டு மறுபடி எழுதினார்: 'கசிவு நடந்த இடத்தில் படிவத்தை நிரப்பாமல், கிடங்குக்கு எதிரிலுள்ள தேநீர்க் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே முப்பத்தேழு முறை நிரப்பினேன். கடைக்கும் கசிவுக்கும் சம்பந்தமில்லை.' கையெழுத்துப் போட்டார். பிறகு தானாகவே கீழே இன்னொரு வரி சேர்த்தார்: 'அச்சகச் சந்துக் குழாயை உடனே மாற்றவும்.'

"சர்க்கரையைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே?" என்றார்.

"அதுக்குத் தனிக் கட்டம் இல்ல."

தனிக் கட்டம் தேவைப்படவில்லை. ராத்திரி சாப்பாட்டு மேசையில் மறந்துவைத்த படிவத்தை எடுத்துப்போக வியாழக்கிழமை காலை சல்லடை கீழே வந்தபோது, அது அத்தையின் கையில் இருந்தது. மாமா சுவரில் இருந்த காலண்டரை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தேழு தடவை டீ" என்றாள் அத்தை.

"இல்ல, இல்ல" என்று மாமா அவசரமாகத் திரும்பினார். உண்மை பேச ஆரம்பித்துவிட்ட மனிதருக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. "அது பெரிய கசிவு மட்டும். சின்னக் கசிவுக்குப் படிவமே கிடையாது."

சல்லடை கண்ணை மூடிக்கொண்டாள்.

"தினமுமா?"

"செவ்வாய் தவிர."

"எத்தனை கரண்டி?"

மாமாவின் மூன்று விரல்கள் தாமாகவே எழுந்தன.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். சத்தம் போடுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பில்லை. "ஏழு வருஷமா இந்த மனுஷன் ரத்தத்துல சர்க்கரை ஏன் இறங்கலன்னு மண்டையைப் பிச்சுக்கறேன். மாத்திரை சரியில்லன்னு நாலு கம்பெனி மாத்தினேன். கம்பெனிக்காரனுக்குக் கடுதாசி வேற போட்டேன், உங்க மருந்து போலின்னு! அவன் பாவம், பரிசோதனைக்கூடத்து அறிக்கையெல்லாம் அனுப்பி மன்னிப்புக் கேட்டான்."

"நீயும் திட்டினியா?" என்றார் மாமா, கொஞ்சம் நம்பிக்கையோடு.

"வாயைத் திறக்காதே."

அத்தை படிவத்தை மடிப்பு விழாமல் ஓர் உறையில் போட்டுச் சல்லடையிடம் கொடுத்தாள். "கொண்டு போ. அந்தப் பொம்பளை கடை பொழைக்கட்டும். அங்க நான் ஒருதடவை போகணும்."

ஐந்து மணிக் கெடுவுக்கு இருபது நிமிஷம் முன்னால் முப்பத்தேழு புள்ளிகளும் இடம் மாறி ஏறின. குறிப்பு நெடுவரிசையையும் சல்லடை திரும்பச் சேர்த்தாள். வரைபடத்துக்கு விழுங்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் தொங்கட்டும் என்று, புள்ளியைத் தொட்டால் குறிப்பு விரியும்படி வைத்தாள். 'நாய் கடிக்கும்' என்பதைத் தீயணைப்புக்காரர்கள் தெரிந்துகொள்வதில் ஒரு நஷ்டமும் இல்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு உரிமப் பிரிவு அதிகாரி புது வரைபடத்தைத் திறந்தார். கடைக்காரம்மா புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மடியில் கெட்டில், இந்தத் தடவை வேண்டுமென்றே. அதிகாரி பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். கடையின் கூரைதான் தெரிந்தது.

"ஒண்ணும் இல்லையே" என்றார்.

"அதைத்தானே நான் ஒரு வாரமாச் சொல்றேன்" என்றாள் அவள்.

அவர் முத்திரையைக் குத்திவிட்டு, திரையை நகர்த்திக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். "இது என்ன, இந்தச் சந்து முழுக்க? பதினஞ்சு இருக்கே." தொலைபேசியை எடுத்தார். அவர் பேசப் பேச, ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமாவின் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது.

வெளியே வந்ததும் கடைக்காரம்மா சல்லடையை ஓரமாக இழுத்தாள். "அப்ப என் கடைமேல ஒரு புள்ளிகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லக்கா."

"ஒண்ணை விட்டிருக்கலாம். இந்த வாரம் அந்த ஆபத்தான கடை எதுன்னு பார்க்க எத்தனை பேரு வந்தாங்க தெரியுமா? பன்னெல்லாம் பத்து மணிக்கே தீர்ந்துடுச்சு."

மூன்றாவது வாரம் அச்சகச் சந்தைத் தோண்டினார்கள். கெடு சொன்ன இருபத்தெட்டாம் தேதியும் அதே நாள்தான். வரைபடம் ஊருக்கெல்லாம் திறந்துவிடப்பட்டது. மாமா காலையிலேயே குழிக்கரையில் போய் நின்றுகொண்டு, யாரும் கேட்காத யோசனைகளை எல்லோருக்கும் வழங்கினார். அழுகிய குழாயை வெளியே தூக்கியபோது, "கசிவை அடைக்க நான் போட்ட கட்டு பதினஞ்சு, எண்ணிப் பாருங்க" என்று அவர் சொல்ல, எண்ணிப் பார்த்தார்கள். பதினைந்து இருந்தது.

அத்தை இப்போது ஒரு புது விதி கொண்டுவந்திருந்தாள். மாமா வெளியே போனால் அரைமணிக்கு ஒருதரம் அவர் இருக்கும் இடம் அவள் கைப்பேசியில் புள்ளியாகத் தெரியவேண்டும். சல்லடைதான் அதைப் பொருத்திக் கொடுத்தாள்.

நாலரை மணிக்கு அத்தை கூப்பிட்டாள். "பாரேன், இன்னும் சந்துலயே நிக்கறாரு. அசையவே இல்ல. மனுஷன் திருந்திட்டாரு போல."

"ஆமா அத்தை" என்றாள் சல்லடை. "புள்ளி சரியான இடத்துலதான் இருக்கு."

அவள் அப்போது தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தாள். மூலை மேசையில் மாமா. மேசையில் கைப்பேசி இல்லை. குழிக்கரையில் நிற்கும் கம்பெனி வண்டிக்குள் அதைப் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அந்த முகமே சொன்னது.

சல்லடை எதிரே போய் உட்கார்ந்து, அவர் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"ஒரு கரண்டிதான்" என்றார் மாமா. "சத்தியமா. அதுவும் தலைதட்டி."

கடைக்காரம்மா அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "அரைக் கரண்டிம்மா. அவருக்குத் தெரியாது. உங்க அத்தை வந்து சொல்லிட்டுப் போனாங்க."